மேகத்துக்குள்ள ஐஸ் எண்ணுற விமானங்கள்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ரொம்ப உயரத்துல இருக்குற மேகங்களுக்குள்ள ரிசர்ச் ஃப்ளைட் ஓட்டி ஐஸ் கிரிஸ்டலை அளக்குறாங்கன்னு சொன்னாலே திரும்பத் திரும்ப அதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடுறேன். வரிசையா படிக்கணும்னு இல்ல. ஆனா "மோதி உடையாதா"ங்கற கேள்வியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க, இந்த ஃபீல்டோட பாதிக் கதை அதுலதான் இருக்கு.

மேகம்னா நீராவிதானே, அதுல ஐஸ் எப்படி வந்துச்சு?

நீராவி கண்ணுக்கே தெரியாது. நாம மேகம்னு பாக்குறது குட்டிக் குட்டித் தண்ணித் துளி, இல்லேன்னா குட்டிக் குட்டி ஐஸ். மேல போகப் போக குளிர் ஏறிக்கிட்டே போகும், சென்னையில வெயில் 38 டிகிரி கொளுத்துற அதே மத்தியானம் நேர் மேல 12 கிமீல மைனஸ் 50 கிட்ட இருக்கும். ஆனா சுத்தமான துளி 0 டிகிரி ஆன உடனே உறைஞ்சிடாது. தூசு மாதிரி ஏதாவது ஒரு துகள் அதுக்குக் கிடைச்சாதான் சீக்கிரம் உறையும், கிடைக்கலேன்னா மைனஸ் 38 கிட்ட போற வரைக்கும் தண்ணியாவே தாக்குப்பிடிக்கும், அதுக்குக் கீழ போனா எந்தத் துணையும் வேணாம், தானாவே கட்டியாயிடும். அதனால 10 கிமீக்கு மேல இருக்குற கீற்று மேகங்கள் முழுக்க முழுக்க ஐஸ்தான்.

அதை நாம கீழேர்ந்து பாத்திருக்கோமா?

பாக்காம இருந்திருக்கவே முடியாது. பஞ்சைப் பிரிச்சு இழுத்து விட்ட கணக்கா வெள்ளைக் கோடா தெரியுமே, அதான். அந்த வால் மாதிரி தொங்குறது கீழ விழுந்துக்கிட்டு இருக்குற கிரிஸ்டலுங்க, தரைக்கு வர்றதுக்குள்ள காத்துலயே கரைஞ்சி போயிடும். நிலாவைச் சுத்திப் பெரிய வட்டம் விழும்போது "அகல வட்டம் பகல் மழை"ன்னு ஊர்ல சொல்லுவாங்க இல்லையா, அந்த வட்டமும் இதோட வேலைதான். ஆறு பக்கம் இருக்குற கிரிஸ்டல் வழியா வெளிச்சம் புகுந்து திரும்பும்போது 22 டிகிரி தள்ளி வட்டம் விழுது. மழை வருமாங்கறது வேற விஷயம், பெரிய மழை மேகக் கூட்டத்துக்கு முன்னாடி இந்த மெல்லிசு மேகம் பரவி வர்றது உண்டு, அந்த அளவுக்குப் பழமொழியில சரக்கு இருக்கு.

சரி, இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு ஆராயணும்? மழையும் தராத மேகம்தானே?

பூமியோட மேற்பரப்புல எந்த நேரத்துல எடுத்தாலும் கணிசமான பகுதிக்கு மேல இந்த மேகம் போர்வையா கிடக்கும். இது ரெண்டு வேலை பண்ணுது. சூரிய வெளிச்சத்துல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புது, அதே சமயம் பூமியிலேர்ந்து வெளிய போற வெப்பத்தைப் பிடிச்சி வச்சுக்குது. எது ஜெயிக்கும்கிறது மேகம் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு உயரம், உள்ள இருக்குற கிரிஸ்டல் பெருசா சிறுசா, எத்தனை இருக்கு, என்ன ஷேப்புன்னு எல்லாத்தையும் பொறுத்தது. மெல்லிசா இருந்தா பொதுவா சூடுதான் ஜெயிக்கும். அதே அளவு ஐஸை நிறைய பொடிக் கிரிஸ்டலா பிரிச்சா வெளிச்சத்தை அதிகமா திருப்பும், மெதுவா விழும், அதனால மேகமும் ரொம்ப நேரம் நிக்கும், அதையே கொஞ்சம் பெரிய கிரிஸ்டலா ஆக்கிட்டா சீக்கிரம் விழுந்து மேகமே காலியாயிடும். ஆக ஒரு லிட்டர் காத்துல எத்தனை பொடி ஐஸ் இருக்குங்கற நம்பர் தப்பாப் போச்சுன்னா கிளைமேட் மாடல்ல அது மேல கட்டுன எல்லாமே ஆட்டம் காணும்.

அதுக்குத்தான் சாட்டிலைட் இருக்கே?

இருக்கு. 2006ல போன கலிப்சோவும் க்ளவுட்சாட்டும் 2023 வரைக்கும் ஓடுச்சு, 2024 மே மாசம் எர்த்கேர் போயிருக்கு. ஆனா சாட்டிலைட்டுக்குக் கிடைக்கிறது திரும்பி வர்ற வெளிச்சமும் ரேடார் சிக்னலும் மட்டும்தான். அதுலேர்ந்து "கிரிஸ்டல் இவ்வளவு பெருசு"ன்னு சொல்லணும்னா அது என்ன ஷேப்புல இருக்குன்னு முதல்ல ஒரு ஊகம் வேணும், அந்த ஊகம் சரியான்னு பாக்க யாராவது உள்ள போய்த்தான் ஆகணும். அதனாலதான் சாட்டிலைட் கடந்து போற நேரம் பாத்து அதோட பாதைக்குக் கீழயே ஃப்ளைட் ஓட்டுறாங்க.

எந்த மாதிரி ஃப்ளைட்? சாதாரண ஜெட் போதாதா?

எந்த மேகம்ங்கறதைப் பொறுத்தது. 12, 13 கிமீ வரைக்கும்னா பெரிய பிசினஸ் ஜெட்டை மாத்தி அமைச்சாலே போதும், ஜெர்மனிக்காரங்களோட ஹாலோ விமானம் அப்படித்தான், அது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550. ஆனா பூமத்தியரேகைப் பக்கம் மேகத்தோட உச்சி 16, 17 கிமீக்கு மேல போகும், அங்க போக ஆளுங்க கம்மி. நாசாவோட டபிள்யூபி-57 ஹூஸ்டன்ல இருக்கு, 60,000 அடிக்கு மேல போகும், பிரிட்டிஷ் கான்பெராவோட அமெரிக்க வாரிசு (நம்ம ஏர்ஃபோர்ஸ் 2007 வரைக்கும் வச்சிருந்த அதே கான்பெரா குடும்பம்). நாசாவோட ஈஆர்-2 70,000 அடில பறக்கும், அது யூ-2 உளவு விமானத்தோட வாரிசு. ரஷ்யாவோட எம்-55 ஜியோஃபிசிகா 20 கிமீ தாண்டிப் போகும், உளவு பலூனைச் சுட்டு வீழ்த்தறதுக்காக சோவியத் காலத்துல டிசைன் பண்ணுன விமானத்தோட அடுத்த வெர்ஷன். பாத்தீங்கன்னா மூணுமே பனிப்போர் சரக்கு, ஒருத்தரை ஒருத்தர் வேவு பாக்கவும் குண்டு போடவும் கட்டுனதுங்க பின்னாடி ஐஸ் எண்ண வந்துச்சு, எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

ஒரே நேரத்துல பல ஃப்ளைட் விடுறதும் உண்டு. 2002 ஜூலைல ஃப்ளோரிடாவோட கீ வெஸ்ட்ல கிரிஸ்டல்-ஃபேஸ்னு ஒரு பெரிய கேம்பெயின் நடந்துச்சு, இடிமேகத்தோட தலையிலேர்ந்து பட்டறைக்கல் கணக்கா விரியுற மேகத்தைப் பிடிக்க ஆறு விமானம். ஈஆர்-2 மேலேர்ந்து ரேடாரும் லைடாரும் (லேசரை அடிச்சு அது திரும்பி வர்றதை அளக்குற கருவி) வச்சுப் பாக்க, டபிள்யூபி-57 உள்ள புகுந்து போச்சு.

பைலட்டுக்கு ஆபத்து இல்லையா?

அந்த உயரத்துல கேபின்ல காத்தழுத்தம் போயிடுச்சுன்னா உடம்பு தாங்காது, அதனால விண்வெளி வீரர் மாதிரி பிரஷர் சூட் போட்டுக்கிட்டுத்தான் போவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே சுத்த ஆக்சிஜன் சுவாசிச்சு ரத்தத்துல இருக்குற நைட்ரஜனை வெளிய தள்ளுவாங்க. ஈஆர்-2ல ஒரே ஆள், டபிள்யூபி-57ல பைலட்டுக்குப் பின்னாடி கருவிகளைக் கவனிக்க இன்னொருத்தர். சயின்டிஸ்ட் எல்லாம் கீழ உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு "இன்னும் 500 அடி கீழ போங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

ட்ரோன் விடலாமே?

விட்டாங்களே. அட்ரெக்ஸ்னு நாசா ப்ராஜெக்ட், குளோபல் ஹாக் ஆளில்லா விமானம், 2014ல குவாம் தீவுலேர்ந்து பசிபிக் மேல பறந்துச்சு. ஒரு தடவை ஏறுனா 24 மணி நேரம் கிட்ட மேலயே இருக்கும், எந்த பைலட்டும் அவ்வளவு நேரம் சூட்டுக்குள்ள உக்காந்திருக்க முடியாது.

கிரிஸ்டலைப் பிடிச்சு கீழ கொண்டு வருவாங்களா?

அந்தக் காலத்துல கிட்டத்தட்ட அப்படித்தான். 1940-கள்ல ஜெர்மனியில ஹெல்முட் வைக்மன் விமானத்துல போய்ப் பூச்சு பூசுன கண்ணாடித் தகட்டை வெளிய நீட்டி அதுல வந்து ஒட்டுற கிரிஸ்டலைப் பாத்தாரு. அப்புறம் ஓடுற ஃபிலிம் மேல கரைஞ்ச பிளாஸ்டிக்கைத் தடவி கிரிஸ்டலோட அச்சைப் பதிய வைக்கிற மெஷின் வந்துச்சு. பெரிய கிரிஸ்டல் அதுல மோதுனாலே தூள்தான்.

இப்போ தொடாம பாக்குறாங்க. இறக்கைக்குக் கீழ குழாய் மாதிரி ஒரு கருவி தொங்கும், அதுக்கு முன்னாடி ரெண்டு கை நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு லேசர் ஓடும். நடுவுல கிரிஸ்டல் போனா அதோட நிழல் எதிர்ல இருக்குற சென்சார் வரிசையில விழும். 2டி-எஸ்னு ஒண்ணு இருக்கு, கொலராடோவுல போல்டர் ஊர்ல செஞ்சது, அதுல 128 சென்சார், ஒவ்வொண்ணும் 10 மைக்ரானுக்குப் பொறுப்பு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). ஃப்ளைட் முன்னாடி போகப் போக நிழலைக் கோடு கோடா பதிஞ்சு முழுப் படம் ஆக்கிடும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்துல போனா அந்தச் சின்ன இடைவெளி வழியா நொடிக்குச் சுமார் 8 லிட்டர் காத்து போகும். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்குற மேகத்துல நொடிக்கு 8 லிட்டர், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற சாம்பிள். நிழல் பத்தாதுன்னு நிஜ ஃபோட்டோ எடுக்குற சிபிஐ (க்ளவுட் பார்ட்டிகிள் இமேஜர்) கேமராவும் இருக்கு, அது ஒரு புள்ளிக்கு 2.3 மைக்ரான், தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க.

அவ்வளவு வேகத்துல போய் மோதுனா கிரிஸ்டல் உடையாதா?

உடையும். இங்கதான் இந்த ஃபீல்டே பல வருஷம் வழுக்கி விழுந்துச்சு.

லேசர் போற இடைவெளில எதுவும் மோதாது, அது சரிதான், ஆனா லேசரைத் தாங்கிப் பிடிச்சிருக்குற அந்த ரெண்டு கையோட நுனி நேரா காத்தைப் பாத்துக்கிட்டு இருக்கே. பழைய கருவிங்க சிலதுல லேசருக்கு முன்னாடி ஒரு குழாயே இருந்துச்சு. அரை மில்லிமீட்டர் கிரிஸ்டல் ஒண்ணு நொடிக்கு 150 மீட்டர் வேகத்துல அந்த விளிம்புல வந்து இடிச்சா சுவத்துல வீசுன அப்பளம்தான், நூறு துண்டாகும், அந்தத் துண்டுங்க தெறிச்சு நேரா லேசருக்குள்ள போகும், கருவி அதை எல்லாம் ஒழுங்கா எண்ணி "ஆஹா இந்த மேகத்துல எவ்வளவு பொடி ஐஸ்"ன்னு பதிவு பண்ணிடும். விண்ட் டனல்ல ஹைஸ்பீட் கேமரா வச்சுப் பாத்தப்போ துண்டுங்க பல சென்டிமீட்டர் தூரம் குறுக்க பாயுறது கண்ணாலயே தெரிஞ்சுது.

சந்தேகம் 1980-கள்லயே எழுந்துச்சு, ஆனா நிறைய பேர் பொடி ஐஸ் நிஜம்தான்னு நம்பிக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி தியரியும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஒரு விஷயம் உறுத்துச்சு: பெரிய கிரிஸ்டல் எங்க அதிகமோ அங்கதான் பொடியும் அதிகமா வந்துச்சு. மேகமே அப்படித்தானா, இல்ல பெருசு உடைஞ்சு பொடியாகுதான்னு கேட்டா ரெண்டாவதுதான் சுலபமான பதில், ஆனா அதை ஒத்துக்கிட்டா பல வருஷ டேட்டா போச்சு.

2009ல கனடாவோட ஒட்டாவா பக்கம் அலெக்சி கோரோலெவ் குழு ஒரு நேர்மையான டெஸ்ட் பண்ணுச்சு. ஒரே மாதிரி கருவி ரெண்டு, ஒண்ணுக்குப் பழைய நுனி, இன்னொண்ணுக்குத் துண்டுங்களை வெளிப்பக்கமா சிதற விடுற மாதிரி செதுக்குன புது நுனி, ரெண்டையும் ஒரே விமானத்துல மாட்டி ஒரே மேகத்துக்குள்ள ஓட்டுனாங்க. பழைய நுனி பொடி ஐஸைப் பல மடங்கு கூட்டிச் சொன்னது தெரிஞ்சுது, சில நிலைமைல பத்து மடங்கு, அதுக்கும் மேல கூட.

நுனியை மாத்துறது ஒரு வழி. இன்னொரு வழி டைமிங். இயற்கையா மேகத்துல இருக்குற கிரிஸ்டலுங்க ஒண்ணுக்கொண்ணு நல்லா தள்ளித்தான் இருக்கும், லேசருக்குள்ள அடுத்தடுத்து வர்றதுக்கு நடுவுல பத்து சென்டிமீட்டர் அளவுல கேப் இருக்கும். உடைஞ்ச துண்டுங்க கும்பலா மில்லிமீட்டர் கேப்ல ஓடி வரும். அதனால ரொம்ப நெருக்கமா வந்ததை எல்லாம் சாஃப்ட்வேர்ல கழிச்சிடுறாங்க. நுனி, கழித்தல் ரெண்டும் சேர்ந்தாதான் ஓரளவுக்கு நம்பலாம், ஒண்ணை மட்டும் பண்ணுனா பத்தாது.

அப்போ பழைய டேட்டா எல்லாம் குப்பையா?

இல்ல. பெரிய கிரிஸ்டல் கணக்கு, மொத்த ஐஸ் எடை இதெல்லாம் அவ்வளவா பாதிக்கலை, பொடிக் கணக்குதான் அடி வாங்குச்சு. ஒவ்வொரு கிரிஸ்டலும் வந்த நேரத்தைப் பதிவு பண்ணி வச்சிருந்த கருவின்னா இப்பவும் திருத்த முடியும், வெறும் எண்ணிக்கையை மட்டும் வச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. என்னைக் கேட்டா இந்தத் துறையில நடந்த பெரிய முன்னேற்றம் புது மேகம் கண்டுபிடிச்சது இல்ல, பழைய நுனியைச் சந்தேகப்பட்டதுதான்.

கிரிஸ்டல் எல்லாம் வாழ்த்து அட்டைல வர்ற மாதிரி ஆறு கை வச்ச பூவா?

ரொம்ப கம்மி. ஜப்பான்ல உகிச்சிரோ நாகாயா 1936ல ஹொக்கைடோவுல லேப்லயே பனிக் கிரிஸ்டல் வளத்துக் காட்டுனாரு, குளிரும் ஈரப்பதமும்தான் ஷேப்பை முடிவு பண்ணுதுன்னு அப்போதான் தெளிவாச்சு. அந்தப் பூ ஷேப் மைனஸ் 15 கிட்ட நல்ல ஈரத்துல வளர்றது. உயர மேகத்துல அதிகமா சிக்குறது தோட்டா மாதிரி கூரான தூண்கள் பலது ஒரே நடுப்புள்ளியில ஒட்டிக்கிட்டு நாலா பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு ஷேப், புல்லட் ரோசெட்னு பேரு. அப்புறம் தூண், தட்டு, எதுலயும் சேராத கோணல்மாணல் கட்டிங்க. இடிமேகத்து உச்சியில இன்னொண்ணு கிடைச்சுது, உறைஞ்ச துளிங்க சங்கிலியா கோத்துக்கிட்டு நிக்குறது, மேகத்துக்குள்ள இருக்குற மின்புலம்தான் ஒட்ட வைக்குதுன்னு நினைக்கிறாங்க.

பிரிட்டன்ல ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்ச ஒரு கருவி கிரிஸ்டல்ல பட்டுச் சிதறுற வெளிச்சத்தைப் படமெடுக்கும். அதுல பெரும்பாலான கிரிஸ்டல் மேற்பரப்பு வழவழன்னு இல்ல, சொரசொரப்பா இருக்குன்னு தெரிஞ்சுது. வழவழன்னு இருந்தாத்தான் அந்த 22 டிகிரி வட்டம் பளிச்னு விழும், கீற்று மேகம் இருக்குற எல்லா நாளும் வட்டம் தெரியாததுக்கு இதுவும் ஒரு காரணம். சொரசொரப்பா இருந்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடுதலா திருப்பி அனுப்பும், அதனால கிளைமேட் கணக்கும் மாறுது.

எந்தத் தூசு மேல உறைஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வேலை ரொம்ப அழகா பண்றாங்க. காத்தை உள்ள இழுக்குற குழாயோட வாயிலேர்ந்து உலர்ந்த காத்தை எதிர்த் திசையில ஊதுவாங்க, லேசான தூசெல்லாம் தள்ளிப் போயிடும், கனமான கிரிஸ்டல் மட்டும் அதை மீறி உள்ள வரும். வந்ததைச் சூடாக்கி ஐஸைப் போக்கிட்டு, மிச்சம் நிக்குற துகளை ஒவ்வொண்ணா லேசரால எரிச்சு என்ன தனிமம்னு படிப்பாங்க. டேனியல் சிசோ குழு 2013ல வெளியிட்ட முடிவுல வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா மேல எடுத்த கீற்று மேகங்கள்ல மண் தூசும் உலோகத் துகளும்தான் பெரும்பான்மை, புகைக்கரியும் உயிர்த் துகளும் ரொம்பக் கம்மி. இங்கயும் அதே தொல்லை உண்டு, ஐஸ் இடிச்சு குழாயோட எஃகே உரிஞ்சு வந்து "உலோகத் துகள்"னு நடிக்கும், அதைப் பிரிச்சுத் தள்ளணும்.

மேகத்துல வேணும்னே துகள் தூவி கீற்று மேகத்தை மெல்லிசாக்கி பூமியைக் குளிர வைக்கலாம்னு ஒரு ஐடியா சுத்துது. அளவு கொஞ்சம் கூடிப்போச்சுன்னா நேர்மாறா மேகம் கெட்டியாகி சூடு ஏறும்னு மாடலுங்களே சொல்லுது, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.

நாம போற ஃப்ளைட்டுக்கு இந்த ஐஸால ஆபத்து உண்டா?

கீற்று மேகத்தால இல்ல, பெரிய இடிமழைக் கூட்டத்தோட உச்சியில கொட்டிக் கிடக்குற பொடி ஐஸால உண்டு. ரேடார்ல அது சரியா தெரியாது, பைலட்டுக்கு ஆபத்து இல்லாத மாதிரி பச்சை நிறத்துல காட்டும், இல்லேன்னா ஒண்ணுமே காட்டாது. 2009 ஜூன் 1ம் தேதி ரியோலேர்ந்து பாரிஸ் போன ஏர் ஃபிரான்ஸ் 447ல வேகம் அளக்குற பிட்டோ குழாயை ஐஸ் கிரிஸ்டல் அடைச்சதுலதான் பிரச்சனை ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் காக்பிட்ல நடந்த குழப்பத்துல 228 பேர் போயிட்டாங்க.

எஞ்சின்லயும் விசித்திரமான ஒண்ணு நடக்குது. வெளிய உறைஞ்ச ஐஸ் இறக்கைல ஒட்டாது, பட்டுத் தெறிச்சுப் போயிடும், ஆனா எஞ்சினோட சூடான உள்பகுதிக்குப் போனதும் பாதி உருகி ஈரமாகும், அந்த ஈரத்துல அடுத்தடுத்து வர்ற ஐஸ் ஒட்டி உலோகத்தையே குளிர வச்சு உள்ளயே கட்டியாகும், அது பேத்துக்கிட்டு உள்ள போனா எஞ்சின் தடுமாறும், சில சமயம் அணைஞ்சே போகும். 1990-கள்லேர்ந்து இந்த மாதிரி சம்பவம் நூத்துக்கு மேல. 2013 நவம்பர்ல ஜிஇ எஞ்சின் போட்ட போயிங் 787, 747-8 எல்லாம் இடிமேகத்துலேர்ந்து 50 கடல் மைல் தள்ளிப் போகணும்னு சொல்லிட்டாங்க, ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோ-டெல்லி ரூட்லேர்ந்தே 787ஐ எடுத்துச்சு. அப்புறம் எஞ்சின் சாஃப்ட்வேரை மாத்துனாங்க. இந்த மேகத்துக்குள்ள என்னதான் இருக்குன்னு பாக்கத்தான் 2014ல ஆஸ்திரேலியாவோட டார்வின்லயும் 2015ல பிரெஞ்சு கயானாவோட கயென்லயும் பிரெஞ்சு ஃபால்கன் 20 விமானத்தை வேணும்னே உள்ள விட்டாங்க. எல்லாரும் சுத்திப் போற இடத்துக்குள்ள இவங்க நேரா போனாங்க.

நம்ம பக்கம் யாராவது வந்து அளந்திருக்காங்களா?

வந்திருக்காங்க. 1999ல ஜியோஃபிசிகா செஷல்ஸ்லேர்ந்து இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கம் பறந்து கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசான ஐஸ் மேகங்களைப் பிடிச்சுது. அதே விமானம் 2017 ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல காத்மாண்டுலேர்ந்து பறந்துச்சு, ஸ்ட்ராட்டோக்ளிம்னு ப்ராஜெக்ட், நேபாளம், இந்தியா, வங்கதேசம் மேல எட்டு ஃப்ளைட். தென்மேற்குப் பருவமழை நேரத்துல தரையில இருக்குற அழுக்கை எல்லாம் இடிமேகம் மேல தூக்கிட்டுப் போகும், அது என்ன ஆகுதுன்னு பாக்கத்தான். அங்க அம்மோனியம் நைட்ரேட் துகள் கட்டியா கிடைச்சுது, வயல் உரத்துலேர்ந்தும் மாட்டுச் சாணத்துலேர்ந்தும் கிளம்புற அம்மோனியா அவ்வளவு உயரம் போயிருக்கு. அந்தத் துகள் மேல ஐஸ் உருவாக முடியும்னு லேப்ல காட்டியிருக்காங்க, ஆக கங்கைச் சமவெளி யூரியாவுக்கும் 15 கிமீ மேல இருக்குற மேகத்துக்கும் தொடர்பு இருக்கலாம்.

புனேவுல இருக்குற ஐஐடிஎம் (இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்) 2009லேர்ந்து கைபீக்ஸ்னு ஒரு ப்ராஜெக்ட்ல விமானம் ஓட்டியிருக்காங்க, அது இவ்வளவு உயரம் போகாது, மழை மேகத்துக்காக. திருப்பதி பக்கம் கடங்கியில தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்துல பல வருஷமா லேசரை மேல அடிச்சு கீற்று மேகத்தோட உயரத்தையும் தடிப்பையும் தரையிலேர்ந்தே அளக்குறாங்க.

இந்த டேட்டாவை நாம எடுத்துப் பாக்கலாமா?

நாசா கேம்பெயின் டேட்டா எல்லாம் ஃப்ரீ, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அருமையான விஷயம், பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா போதும். ஃபைலைத் திறந்த உடனே கிராஃப் போட உக்காந்துடாதீங்க, மேல இருக்குற குறிப்பைப் படிங்க. எந்தக் கருவி, எந்த வருஷம், புது நுனி போட்டதா, நெருக்கமா வந்ததைக் கழிச்சாச்சான்னு பாருங்க. ரெண்டும் இல்லேன்னா 50 மைக்ரானுக்குக் கீழ இருக்குற எண்ணிக்கையைத் தொடாதீங்க. ஒரே ஃப்ளைட்டுக்கு ரெண்டு மூணு வெர்ஷன் இருந்தா கடைசி வெர்ஷனை எடுங்க, முதல்ல வந்தது பெரும்பாலும் ஃபீல்டுலயே அவசரமா ஏத்துனதா இருக்கும்.